வாடைக்காற்றும் காலபோக விதைப்பும்

இடம்பெயர்ந்த ஊரில், பிறர் காணியில் கமம் செய்யும் குடும்பத்துக்கு விதைநெல் இரண்டாம் முறை கிடைப்பது அரிது. ஆகவே அதை எப்போது மண்ணில் இடுவது என்று தீர்மானிக்குமுன், மாரி மழை எப்படி வருகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

குளிர்காலத்தில் ஆசியாவின் வடக்கே சைபீரிய நிலம் கடுமையாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது கீழிறங்கி உயர் அமுக்கத்தை உண்டாக்கி, வெப்பமான தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால் அதன் பாதை திரும்பி, வடகிழக்கிலிருந்து எம்மை அடைகிறது. இதுவே வாடைக்காற்று. வங்காள விரிகுடாவில் நீராவியை எடுத்துவந்து வடக்கிலும் கிழக்கிலும் மழையாகப் பொழிகிறது.

இந்த ஒழுங்கு ஆண்டுதோறும் திரும்பி வந்தாலும் மழை ஒரே அளவில் பெய்வதில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பசுபிக் சமுத்திரம். அதன் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழமையைவிடச் சூடாகும் நிலை எல் நினோ எனப்படும். அவ்வாண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எமக்கு மழை கூடுவதும், ஜனவரியின் பின் குறைவதும் பெரும்பாலும் காணப்படுகிறது. மாறாகக் குளிரும் நிலை லா நினா. 2011 ஜனவரியில் கிழக்கில் வயல்களை மூடிய வெள்ளம் ஒரு லா நினாக் காலத்திலேயே வந்தது.

இரண்டாவது, மத்தியகோட்டுப் பகுதியில் மேற்கிலிருந்து கிழக்காக நகரும் பெரிய முகிற்கூட்டம். இது சுமார் 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வரும். மாரிக்கு நடுவே வரட்சியான நாட்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, வடக்கிலிருந்து திடீரெனப் பாயும் குளிர்காற்று. 2022 டிசம்பரில் விரிகுடாவில் சூறாவளி நின்ற வேளை, கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன.

இவற்றிலிருந்து நாம் செய்யக்கூடியது என்ன? முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் விதைத்துவிடாமல், ஒரு பங்கை மறுவிதைப்புக்கு வைத்திருப்போம். எல் நினோ என்று அறிவித்தால் குறுகிய வயதுடைய நெல்லைத் தெரிந்து, தை மாதத்துக்கென நீரைத் தேக்குவோம். குளிர் எச்சரிக்கை கேட்டால் மாடு, ஆடுகளைக் காற்றுப் படாத இடத்தில் கட்டுவோம். வானொலி அறிவித்தலை நாள்தோறும் கேட்டு, அயலவருக்கும் சொல்வோம்.

காற்றை எம்மால் திருப்ப முடியாது. அதன் போக்கை அறிந்தால் கையிலுள்ள விதையையாவது காப்பாற்றலாம்.