பெட் ரெஸ்ட் எத்தனை நாள்?

இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கி, கவிழ்க்கத் திரும்பிய நொடியில் இடுப்பில் 'சுருக்'கென்று ஒரு வெட்டு. அதோடு நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். பார்க்க வந்தவர்களும் போனில் விசாரித்தவர்களும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: "ஒரு மாசம் அசையாம படு. கட்டாந்தரையில படு."

படுத்தேன். முதல் இரண்டு நாள் இதமாகத்தான் இருந்தது. ஆறாம் நாள் பாத்ரூம் வரை நடப்பதற்குள் தொடை நடுங்கியது. வலியைவிட அந்த நடுக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது.

படுக்கை உடலை எவ்வளவு வேகமாகத் தளர்த்தும் என்பதை 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கடுமையாக உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்குக் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, அந்த மூன்று வாரம் பறித்த அளவுக்கு முப்பது வருட வயது பறித்திருக்கவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தவர்கள். முதுகு வலிக்காரர்களின் கதை என்ன? 1986-ல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டியோ குழுவினர் 203 நோயாளிகளில் ஒரு சாராரை 2 நாளும் மறு சாராரை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. 2 நாள் படுத்தவர்கள் வேலைக்கு மட்டும் சீக்கிரம் திரும்பினார்கள். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்தவர்களையும் முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி விட்டுக்கொடுத்த அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே முன்னதாகத் தேறினார்கள்.

இதற்கு முதுகின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் நீரும் சத்தும்தான் அதற்குச் சாப்பாடு. பகலில் எழுந்து நடமாடும்போது நம் எடை அழுத்த, நீர் கொஞ்சம் வெளியேறும்; இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். படுத்தே கிடந்தால் இந்தப் போக்குவரத்து நடக்காது. காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருப்பது இரவில் ஊறும் நீரால்தான். எழுந்த புதிதில் டிஸ்க் உப்பி இருக்கும் என்பதால், முதுகு வலி உள்ளவர்கள் முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதைத் தவிர்ப்பது நல்லது. கோலம் போடுவதையும் குடம் தூக்குவதையும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டாந்தரை விஷயத்துக்கு வருவோம். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. தரைதான் வேண்டும் என்று உடம்பை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. தரையிலிருந்து எழுவதே தனிப் பாடு!

வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாளில் தாராளமாகப் படுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒன்று. எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரளும்படி பக்கவாட்டில் திரும்புங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி உடலைத் தள்ளி உட்காருங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு நில்லுங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், மணிக்கு ஒருமுறை எழுந்து ஹாலைச் சுற்றி வரச் சொன்னார். அப்படி நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே தெருமுனை வரை போய் வந்தேன்.

எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை என்று நீண்ட ஓய்வு கட்டாயமானவர்கள் மருத்துவர் சொன்னதை மீற வேண்டாம். அவர்களும் அவரைக் கேட்டுக்கொண்டு பாதங்களை மேலும் கீழும் அசைத்தபடி இருந்தால், காலில் ரத்தம் தேங்காமல் ஓடும்.

படுத்தே கிடக்கும்போது மனம் ஸ்கேன் ரிப்போர்ட்டையே சுற்றி வரும். 'டிஸ்க் பிதுங்கியிருக்கு' என்ற ஒரு வரி தூக்கத்தைக் கெடுத்துவிடும். முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த 1994-ம் ஆண்டு ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் உப்பித்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் உள்ள எல்லாமே வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

ஆனால் சில அறிகுறிகளில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலியும், விழுந்து அடிபட்ட பின் வரும் வலியும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

உங்கள் வீட்டில் யாராவது சாதாரண இடுப்புப் பிடிப்பில் படுத்திருந்தால், எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மாலை காபிக்காவது கைகொடுத்து எழுப்பி, வாசல் வரை மெதுவாக அழைத்து வாருங்கள்.