நல்லா சாப்பிடுது, ஆனா இளைக்குதா? உங்க பூனைக்கு 'சுகர்' இருக்கலாம்... கண்டுபிடிப்பது எப்படி?

பூனை அடிக்கடி தண்ணி குடிச்சா, 'வெயில் காலம்தானே' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் வெயில் தணிந்த பிறகும் அது தண்ணீர்க் கிண்ணத்தையே சுற்றி வந்தால், கொஞ்சம் உஷாராக வேண்டும். சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஆமாம், பூனைக்கும் சுகர் வரும். மனிதர்களுக்கு வரும் டைப் 2 போன்றதுதான் பூனைகளிடம் அதிகம். இத்தனைக்கும் பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது! இங்கே பெரிய வில்லன் உடல் பருமன். 7 வயதைத் தாண்டியவை, கருத்தடை செய்த ஆண் பூனைகள், நாள் முழுக்க சோபாவிலேயே கிடப்பவை, ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டவை ஆகியவற்றுக்கு ஆபத்து கூடுதல்.

லிட்டர் பாக்ஸைக் கவனியுங்க

ரத்தத்தில் சர்க்கரை எகிறும்போது, அது சிறுநீரில் இறங்கிவிடும். போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதை ஈடுகட்ட ஓயாத தாகம். மணல் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். சில வீடுகளில் எறும்புகூட மொய்க்கும். எறும்பு வரலைன்னா சுகர் இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

சந்தேகமா? அளந்து பாருங்க. காலையில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 50 மி.லி.க்கு மேல், அதாவது 4 கிலோ பூனை தினமும் 200 மி.லி.க்கு மேல் குடித்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. ஈரமான உணவு சாப்பிடும் பூனை என்றால், அதைவிடக் குறைவாகக் குடித்தாலும் கவனிக்கணும்.

அடுத்தது எடை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது; தசையும் கொழுப்பும்தான் கரையும். முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்படும். குண்டுப் பூனை இளைப்பதைப் பார்த்து 'டயட் வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு. சிக்கலே அங்கேதான்.

சில பூனைகள் பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். எட்டிக் குதித்த ஜன்னலுக்கு இப்போது ஏற முடியாது. நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் இது. நோய் ஓரளவு முற்றிய பிறகே பெரும்பாலும் தெரியும்.

ஒரு டெஸ்ட் போதுமா?

போதாது. கிளினிக்குக்கு வந்த பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை அளவு ஏறிவிடும். அதனால் சிறுநீர்ப் பரிசோதனையும், கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையும் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறும் தைராய்டு பிரச்னையும்கூட இதே மாதிரி தாகத்தையும் இளைப்பையும் உண்டாக்கும் என்பதால், அதையும் பார்த்துவிடுவார்கள்.

சீக்கிரம் போவதால் ஒரு பெரிய லாபம் இருக்கு. ஆரம்பத்திலேயே இன்சுலினும், மாவுச்சத்து குறைந்த உணவும் தொடங்கினால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலை வரும். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வீட்டில் தாத்தா, பாட்டி போடும் சுகர் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. 'சுகர்தானே' என்று பட்டினி போடுவதும் ஆபத்து. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் பாதிக்கப்படும்.

ஏற்கெனவே இந்த அறிகுறிகள் உள்ள பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தி, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. தண்ணீர் அளந்த கணக்கும், பூனை நடக்கும் வீடியோவும் போனில் இருந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.