நீச்சல் தெரியாதா? பாயார் தீவின் பவளப்பாறைகளைப் பார்க்கலாம், ஆனால் காலூன்றக் கூடாது

சுங்கை பினாங் – பள்ளி விடுமுறை நெருங்கினால் சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் லங்காவிப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். கழுகுச் சிலை, கேபிள் கார், வரியில்லாத சாக்லேட் என்று நீளும் பட்டியலில் பாயார் தீவும் சேர்ந்துவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: “நமக்கு நீச்சலே தெரியாதே, கடலில் எப்படி இறங்குவது?”

இறங்கலாம். ஸ்நோர்கெலிங் என்பது ஆழத்துக்குள் மூழ்குவதல்ல. முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக் குழாய், உடம்பில் லைஃப் ஜாக்கெட் அணிந்து, நீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் அது. நீச்சலைவிட நிதானம்தான் இதற்கு முக்கியம். ஆனால் ‘ஆழமில்லை, பயமில்லை’ என்ற எண்ணம் வந்த பிறகுதான் பலர் கவனத்தைத் தவறவிடுகிறார்கள். அதனால் மனிதருக்கும் ஆபத்து, பவளத்துக்கும் ஆபத்து.

பாயார் எங்கே இருக்கிறது?

பாயார் தீவு கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், பினாங்குக்கும் லங்காவிக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கிறது. பாயார், லெம்பு, காச்சா, செகாந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் சேர்ந்ததே பாயார் கடல் பூங்கா. மலாக்கா நீரிணையில் பவளப்பாறைகளைப் பார்க்கக்கூடிய மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

தீவில் தங்கும் விடுதி கிடையாது. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பெரும்பாலான படகுகள் லங்காவியின் குவா நகரிலிருந்து புறப்படும். பினாங்கிலிருந்து செல்பவர்கள் கோலக்கெடா சென்று, அங்கிருந்து ஃபெரியில் லங்காவி போவது வழக்கம். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாள்களில் பயணம் ரத்தாகலாம். பராமரிப்புக்காகத் தீவு மூடப்பட்டிருக்கவும் கூடும். பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் அவை கிழக்குக் கரையில் உள்ளன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம் என்பதால் அங்குள்ள விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

பவளம் கல்லா, செடியா?

பவள மோதிரமும் பவள மாலையும் நம் வீடுகளில் புதிதல்ல. நவமணிகளில் ஒன்றாகிய அந்தச் சிவப்புப் பவளம் வேறு, பாயாரில் பார்க்கும் பவளப்பாறை வேறு. நகைக்கான பவளம் பெரும்பாலும் மத்திய தரைக்கடல் போன்ற இடங்களில் ஆழமான நீரிலிருந்து எடுக்கப்படுவது. பாறையாக வளரும் பவளங்களோ வெயில் படும் ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்பவை.

பார்ப்பதற்குக் கல்லைப் போலவும் செடியைப் போலவும் இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்து, சுண்ணாம்பை உருவாக்கிக் கட்டிய வீடுதான் பாறை. அந்த உயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அந்தப் பாசியே காரணம்.

உருண்டையாக வளரும் பவளம் ஓராண்டில் 0.3 முதல் 2 சென்டிமீட்டர் வரைதான் வளரும். ஒருவர் கால் வைத்து உடைத்த கையளவு துண்டு மீண்டும் வளர்வதற்குள், அவருடைய பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போயிருக்கும்.

முதன்முறை இறங்குபவர்களுக்கு

முதலில் கண்ணாடி. வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்துவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். முடி உள்ளே மாட்டினால் தண்ணீர் கசியும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். மீசையின் மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொண்டால் கசிவு குறையும்.

அடுத்தது மூச்சு. வாயால் மட்டும், மெதுவாக, ஆழமாக மூச்சு விட வேண்டும். பதற்றத்தில் வேகமாக மூச்சு விட்டால், வெளியே விட்ட அசுத்தக் காற்றே குழாயில் தங்கி மறுபடியும் உள்ளே வரும், மூச்சு முட்டுவது போல் இருக்கும். குழாயில் தண்ணீர் புகுந்தால் ‘ஹூ’ என்று ஒரே வேகமாக ஊதினால் வெளியேறிவிடும். இதையெல்லாம் முதன்முதலாகக் கடலில் பழகாதீர்கள். இடுப்பளவு நீருள்ள நீச்சல் குளத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள்.

லைஃப் ஜாக்கெட் உங்கள் உடல் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எல்லாப் பூட்டும் மாட்டியிருக்க வேண்டும். புகைப்படம் எடுப்பதற்காகக் கழற்றும் அந்த இரண்டு நிமிடம் போதும் விபத்து நடக்க.

தனியாக இறங்கவே கூடாது. இரண்டு பேராக இறங்குங்கள், கரையிலோ படகிலோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீரில் மூழ்குபவர் சினிமாவில் வருவது போல் கையை ஆட்டிக் கூப்பிடுவது அரிது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் மூழ்குவார். குப்புற மிதப்பவர் மீனைப் பார்க்கிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. அடிக்கடி கட்டை விரலைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

நம் சமூகத்தில் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் பரவலாக உள்ளன. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று காத்திருக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பவளம் கிழித்தது கூடத் தெரியாது. பவளக் கீறலில் நுண்ணிய துகள்கள் தங்கிவிடுவதால் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு. ரப்பர் காலணி அணியுங்கள். வெளியே வந்ததும் பாதத்தைப் பாருங்கள். சிறு கீறலாக இருந்தாலும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டுக் கிளினிக்கில் காட்டுங்கள்.

சொறிமுட்டை எனப்படும் ஜெல்லிமீன் தொட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. லங்காவி, பினாங்கு கடல்களில் கொடிய பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. அதன் கடிக்கு வினிகர் ஊற்றுவதே முதலுதவி. வலி கடுமையாக இருந்தாலோ மூச்சுத் திணறினாலோ 999-ஐ அழைக்க வேண்டும்.

காலை எங்கே வைப்பது?

களைத்துப்போனால் பாறை மேல் நிற்கத் தோன்றும். அங்கேதான் லண்டாக் லாவுட் எனப்படும் கறுப்பு முள் உயிரியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனும் இருக்கும். நிற்க வேண்டுமானால் வெறும் மணல் உள்ள இடத்தில் நில்லுங்கள். இல்லையென்றால் மல்லாந்து படுத்து மிதந்து ஓய்வெடுங்கள். ஃபின்ஸ் போட்டவர்கள் பாறை அருகே காலை வேகமாக உதறினால் மணல் கிளம்பிப் பவளத்தை மூடிவிடும்.

பாயார் கரையோரத்தில் கருமுனைச் சுறாக்குட்டிகள் முழங்கால் அளவு நீரிலேயே சுற்றி வரும். அவை தாமாக மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. அவற்றுக்கோ மற்ற மீன்களுக்கோ ரொட்டி போடாதீர்கள், துரத்தாதீர்கள். கிளிஞ்சலோ, உதிர்ந்து கிடக்கும் பவளத் துண்டோ நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் கூடாது. கடல் பூங்காவில் மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் சட்டப்படி குற்றம்.

வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டையே சிறந்த பாதுகாப்பு. சில வகை சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்தைப் பாதிக்கும் என்பதால், அது கலந்த கிரீம்களை விற்பதை ஹவாய் 2021 முதல் தடைசெய்துள்ளது.

ஆற்றங்கரையிலிருந்து பவளம் வரை

பவளத்துக்கு வெயிலும் தெளிந்த நீரும் வேண்டும். ஜார்ஜ்டவுன் கரையில் அதைப் பார்க்க முடியாததற்கு நீரிணையின் கலங்கல் ஒரு முக்கியக் காரணம். ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் ஆறுகள் சேர்ந்து சுங்கை பினாங் ஆறாகி, நகரின் கழிவையும் சேற்றையும் சுமந்துகொண்டு அந்த நீரிணையில்தான் கலக்கின்றன. பாயார் தொலைவில் இருப்பதால் அங்குள்ள பாதிப்புக்கு இந்த ஆறே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கால்வாயில் எறியும் பிளாஸ்டிக் பை கடைசியில் போய்ச் சேரும் இடம் கடல்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். கடல் நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெளுத்த நிலை தொடர்ந்தால் பட்டினியால் இறந்துவிடும். 2010-இல் இப்படி நேர்ந்தபோது மலேசியாவில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது பெரிய வெளுப்பு நடப்பதாக அறிவிக்கப்பட்டது.

அந்த வெப்பத்தைத் தணிப்பது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. காலைப் பாறை மேல் வைக்காமல் இருப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வந்தால், நீச்சல் தெரியாதவரும் பத்திரமாக வீடு திரும்பலாம். அடுத்த விடுமுறைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பவளம் அங்கேயே இருக்கும்.