இலுப்பையின் இரவு விருந்தினர்

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது பழமொழி. அவ்வினிமை மனிதருக்கென அமைந்ததன்று, வௌவாலுக்கென அமைந்தது.

நமது வன்னிக் காடுகளில் ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் வளரும் இலுப்பை, கிளை நுனிகளிற் கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. இதழ்கள் ஒன்றாய் இணைந்து, தடித்து இனிக்கும் குழலாகின்றன. குழலின் உட்புறத்தே மகரந்தப் பைகள் ஒட்டியிருக்க, சூல்தண்டு மட்டும் வெளியே நீண்டு நிற்கிறது. இரவில் வரும் பழந்தின்னி வௌவால் அக்குழலை வாயாற் கவ்வி இழுக்கும்போது முகத்திலே மகரந்தம் படிகிறது. அடுத்த மரத்தை நாடுங்கால் ஆங்குள்ள சூல்தண்டில் அது ஒட்டுகிறது. பின்னர்ப் பழம் கனிந்ததும், அதனைக் கவர்ந்து சென்று சதையை உண்டு விதையைத் தொலைவில் இடுவதும் வௌவாலே.

பூவுக்கும் விதைக்கும் துணையான இப்பிராணியை அபசகுனமென்று விரட்டுகிறோம். பழத்தோட்டங்களுக்குக் கேடென்று கொல்லுகிறோம். பெரிய பழந்தின்னி வௌவால் ஒரு பேற்றில் 1 குட்டியே ஈனும். ஆதலின், அழிந்த கூட்டம் எளிதில் மீளாது.

இலுப்பெண்ணெய் விளக்கேற்றித் தொழும் நாம், அவ்வெண்ணெய் வந்த வழியையும் எண்ணுதல் வேண்டும். மரத்திலே தலைகீழாய்த் தூங்கும் வௌவாலைத் தூங்க விடுவதே நாம் செய்யத்தக்க கைம்மாறு.