சைக்கிள் கண்காட்சிக்கு போனால் லாபமா, பஸ் காசு தண்டமா?

கள்ளக்குறிச்சி,

கடையைப் பூட்டிவிட்டு சைக்கிள் கண்காட்சிக்கு போவதா, வேண்டாமா? பஞ்சர் ஒட்டிப் பிழைக்கும் கடைக்காரருக்கு ஒருநாள் அடைப்பு என்றால் அன்றைய வருமானம் 'அவுட்'!

பெரிய கண்காட்சிகளே ஆட்டம் கண்டுவிட்டன. அமெரிக்காவின் 'இன்டர்பைக்' 2018-உடன் மூட்டை கட்டியது. ஜெர்மனியின் 'யூரோபைக்' 2022-ல் ஊரையே மாற்றி பிராங்க்பர்ட்டுக்கு போனது.

அதெல்லாம் சரி, நமக்கென்ன? நமக்கு கல்வராயன் மலை இருக்கிறதே!

வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் சாதா சைக்கிளுக்கு மூச்சு வாங்கும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று ஓடும். சமதரைக்கு ஜோர். மேட்டில் முழங்கால் கழன்றுவிடும்! அங்கே ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று ஓடும் கியர் தேவை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே உலை.

கியரும் பிரேக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிற சரக்கு அல்ல. ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

எனவே, புறப்படும் முன் இரண்டே கேள்வி. ஓட்டிப் பார்க்க விடுவார்களா? உதிரி பாகம் கேட்டால் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புவார்களா?

இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாக பஸ் ஏறலாம். இல்லையா? பேசாமல் கடையைத் திறந்து வையுங்கள்!