திண்டுக்கல் வாங்கியதும் விட்டதும்

மனிதர்களை ஏலம் போடுவதா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏலம் போவது ஆள் அல்ல, அவருடைய ஆட்டம்! ஐரோப்பாவில் கால்பந்துக் கழகங்கள் இந்த வியாபாரத்தை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தி வருகின்றன. 2017-ல் பாரிஸ் கழகம், நெய்மார் என்ற ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக பார்சிலோனா கழகத்துக்குக் கொடுத்த தொகை 22 கோடியே 20 லட்சம் யூரோ. அங்கே அந்தப் பணம் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்குப் போகிறது. நம் ஊர் கிரிக்கெட் ஏலத்தில் அப்படியில்லை. ஏலத்தில் கேட்ட தொகை ஆட்டக்காரருக்கே ஊதியமாகப் போகிறது. அந்த மட்டில் நம்முடைய வழக்கம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பூட்டுக்கும் பிரியாணிக்கும் சிறுமலை வாழைப்பழத்துக்கும் பேர்போன திண்டுக்கல்லுக்கு 2016 முதல் சொந்தமாக ஒரு கிரிக்கெட் அணியும் உண்டு. தமிழ்நாடு பிரிமியர் லீகில் ஆடும் எட்டு அணிகளில் ஒன்றான திண்டுக்கல் டிராகன்ஸ்தான் அது. மலைக்கோட்டை ஊருக்கும் நெருப்பைக் கக்கும் டிராகனுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். பெயர் வைத்தவர்களுக்கே வெளிச்சம்! நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் நாட்களில் சுற்று வட்டாரமே அங்கே திரண்டு விடும்.

"இந்த ஆளுக்கு இவ்வளவு பணமா? தண்டம்!" என்று தொலைக்காட்சிக்கு முன்னால் உங்கள் வீட்டில் யாராவது கத்தியிருப்பார்கள். நீங்களே கத்தியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தத் தீர்ப்பு சரிதானா? காய்கறிக் கடையில் நாம் கணக்குப் பார்ப்பது போல இங்கேயும் பார்க்கலாமா?

ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் போட்டியில் ஏலம் கிடையாது. அணிகள் முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. முதல் ஏலம் நடந்தது 2023 பிப்ரவரியில், மாமல்லபுரத்தில். அப்போது ஓர் அணி செலவழிக்கக்கூடிய தொகை 70 லட்சம் ரூபாயாகத்தான் இருந்தது. அதற்குள் முழு அணியையும் திரட்டியாக வேண்டியிருந்தது. மாதச் சம்பளக் கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு மளிகைக்கும் பாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதா என்ன!

அந்த ஏலத்தில் உச்ச விலை சாய் சுதர்சனுக்கு. 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்துக் கோவை அணி அவரை எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தியா முழுவதும் பார்க்கும் ஐ.பி.எல். போட்டிக்காக குஜராத் அணி அவருக்கு அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம்தான்! கோவை அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது.

திண்டுக்கல் என்ன செய்தது? சிவம் சிங் என்ற மட்டையாளருக்கு ஏறக்குறைய 16 லட்சம் கொடுத்தது. வெளியூர் ரசிகர்கள் பலர் கேள்விப்படாத பெயர். விலை அதிகம் என்றார்கள். வருண் சக்கரவர்த்தியோ 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கே கிடைத்துவிட்டார். இந்த வருணின் கதை தனிக் கதை. கட்டடக் கலை படித்தவர். வேலையை விட்டுவிட்டுச் சுழல் பந்து வீச வந்தவர். 2018-ல் மதுரை அணிக்காக ஆடினார். இறுதி ஆட்டத்தில் மதுரையிடம் தோற்றுக் கோப்பையை இழந்தது யார் தெரியுமா? திண்டுக்கல்தான்! அதே ஆண்டு டிசம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கிய அவர் விலை, பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சம் தரும் வரை ஏறியது. அப்படிப்பட்டவர் 2023-ல் ஏன் மலிந்தார்? அப்போது அவர் இந்திய அணியில் இல்லை. பெயர் மங்கியிருந்த வேளையில் திண்டுக்கல் அவரைப் பிடித்தது. 2024 அக்டோபரில் அவர் மறுபடி இந்திய அணிக்குப் போய், 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். மல்லிகை மலிந்த வேளை பார்த்து வாங்குகிற கெட்டிக்காரத்தனம் இது.

ஆனால் வாங்கியதை மட்டும் பார்த்தால் கணக்கில் பாதிதான் தெரியும். கையில் இருந்து போனவர்களையும் எழுத வேண்டாமா?

2016-ல் இதே திண்டுக்கல் அணியில் இடக்கைப் பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். மட்டையாளரின் காலடியிலேயே பந்தைக் குத்துகிற யார்க்கரில் வல்லவர். மறு ஆண்டே ஐ.பி.எல்.லில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். 2020-21-ல் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். திண்டுக்கல்லிலிருந்து அவர் வேறு அணிகளுக்குப் போய்விட்டார். அதோடு போயிற்றா? 2019 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் எடுத்தது வெறும் 126. திண்டுக்கல்லால் அதைக்கூட எட்ட முடியவில்லை. 12 ஓட்டத்தில் தோற்றது. 15 ஓட்டம் மட்டும் கொடுத்து ஐந்து விக்கெட்டைச் சாய்த்த பெரியசாமி, அதே சின்னப்பம்பட்டிக்காரர்!

இதைவிட மனம் வலிக்கும் இழப்பு நாராயண் ஜெகதீசன். முதல் ஆண்டிலிருந்தே திண்டுக்கல்லின் பிள்ளை. 2019-ல் மட்டும் 448 ஓட்டங்கள் குவித்தார். 2021-ல் பார்த்தால் சேப்பாக்கம் உடையில் நிற்கிறார்! அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் 90 ஓட்டம் எடுத்து அவர்களுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக 277 அடித்து உலக சாதனையே செய்துவிட்டார். பெட்டியடியில் கிடந்த பட்டுப் புடவையைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் அதையே பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்! யார்மேல் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாரையும் வைத்துக்கொள்ள எந்த அணிக்கும் விதி இடம் தருவதில்லை. நஷ்டம் என்னவோ நஷ்டம்தான்.

விடாமல் வைத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் அஸ்வின். 2016-ல் அணியின் முதல் நட்சத்திரம் அவர். பல ஆண்டுகள் இந்திய அணியின் வேலையாக அயல்நாட்டில் இருப்பார். திண்டுக்கல்லுக்கு ஒரு சில ஆட்டங்கள்தான் கிடைக்கும். பெயருக்கு ஒரு தலைவர் என்று கேலி பேசியவர்களும் உண்டு. 2024-ல் அவர் மொத்தக் கடனையும் வட்டியோடு தீர்த்தார். தோற்றால் வீடு என்ற மூன்று ஆட்டங்களிலும் அரைச் சதம்! அதுவும் பந்து வீச்சுக்குப் பேர்போனவர், மட்டையால்! ஆகஸ்ட் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் கோவையை ஆறு விக்கெட்டில் வென்று திண்டுக்கல் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அஸ்வின் எடுத்தது 52. அந்த அணியில் சிவம் சிங்கும் இருந்தார், வருணும் இருந்தார். சிவம் சிங் அந்தத் தொடரில் ஓட்டம் குவித்தவர்களின் முன்வரிசையில் இருந்தார். தண்டம் என்றவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

மறு ஆண்டு 2025, ஜூலை 6. இறுதி ஆட்டம் திண்டுக்கல்லின் சொந்த மைதானத்திலேயே. எதிரே திருப்பூர். அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர்கள் அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் ஆடிய ஆட்டத்தில் ஓட்டங்கள் 220-க்கு ஏறின. திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. அஸ்வின் இருந்தார்; மைதானம் இருந்தது; ஊர் ஜனம் இருந்தது. ஆனாலும் 118 ஓட்டத்தில் தோல்வி!