வளர்ப்புப் பூனைகளுக்குப் பச்சை இறைச்சி: ஜெர்மன் வழக்கமும் அதன் ஆபத்துகளும்

ஜெர்மனியின் ரூர் பகுதியில், டோர்ட்மண்ட் உள்ளிட்ட நகரங்களில், நாய்களுக்கும் பூனைகளுக்கும் உரிய பச்சை இறைச்சியை உறையவைத்து விற்பதற்கென்றே தனிக் கடைகள் உள்ளன. அரைத்த கோழி, மாட்டின் இதயம், ஈரல், முயல் என்று வாங்கிச் செல்வோர், வீட்டில் அவற்றைக் கலந்து, சமைக்காமலேயே தமது பூனைகளுக்கு இடுகின்றனர். இதற்கு ஜெர்மானியர் வைத்துள்ள பெயர் 'பார்ஃபன்'. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993ஆம் ஆண்டில் நாய்களின் உணவு பற்றி எழுதிய நூலுக்குப் பின்னர் பரவிய ஆங்கிலச் சுருக்கப் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. அந்தச் சுருக்கப் பெயர் ஆங்கிலப் பேச்சுவழக்கில் வாந்தி எனவும் பொருள்படும். ஜெர்மானியர்கள் அதற்கு 'உயிரியல் முறையில் இனத்துக்கேற்ற பச்சை உணவு' என்று கண்ணியமானதொரு விரிவைத் தந்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பூனைகள் வீடுகளில் வளர்கின்றன. இங்கு பிறந்து வளர்ந்த தலைமுறையின் விருப்பத்தால் தமிழ்க் குடும்பங்களிலும் பூனைகள் இடம்பிடித்துவிட்டன. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ பூனைக்கென்று எவரும் தனியே சமைத்ததில்லை. மீன் தலையும் மிஞ்சிய சோறும் கிடைத்தன, மீதியைப் பூனையே பார்த்துக்கொண்டது. இரவில் அது பிடித்துத் தின்ற எலியும் பல்லியும்தான் அதன் உண்மையான உணவு என்பதை நாம் கவனிக்கவில்லை. நான்காம் மாடியில் அடைபட்டுக் கிடக்கும் டோர்ட்மண்ட் பூனைக்கு அந்த வசதி கிடையாது. மனிதர் கையால் இடுவது மட்டுமே அதன் உணவு. இடுவதில் ஒரு சத்துக் குறைந்தால், அதை ஈடுசெய்ய அதற்கு வேறு வழியில்லை.

பச்சை இறைச்சியை ஆதரிப்போர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. பூனை முழுமையான ஊனுண்ணி. கேரட்டிலுள்ள சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்ற அதன் உடலால் இயலாது. டோரின் என்ற அமிலத்தையும் அது தேவையான அளவுக்கு உற்பத்தி செய்வதில்லை. 1827ஆம் ஆண்டில் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த டீடெமன், கிமெலின் ஆகியோர் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதன் பெயருக்கு மூலம். ஆயினும் டோரின் கிடைக்காத பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை பறிபோகும் என்று தெரியவந்தது 1975இல்தான். இதயத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதற்கும் இதுவே காரணம் என்பதை 1987இல் கலிஃபோர்னியாவின் பால் பியானும் அவரது சகாக்களும் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்த பூனைகள் தின்றவை கடைகளில் விற்கப்பட்ட உணவுகள் என்பது குறிப்பிடத்தக்கது. உற்பத்தியாளர்கள் டோரின் அளவை உயர்த்தியது அதன் பின்னர்தான். 2007இல் மெலமைன் கலந்த உணவால் வட அமெரிக்காவில் செல்லப்பிராணிகள் மாண்டதையும் சேர்த்துப் பார்த்தால், தகரப்புட்டி உணவின் மீது மக்கள் கொண்ட அவநம்பிக்கையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த அவநம்பிக்கையிலிருந்து பச்சை இறைச்சிக்குத் தாவுவதற்குக் காட்டப்படும் சான்று பலவீனமானது. கலிஃபோர்னிய மருத்துவர் ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்து நடத்திய சோதனையே அவர்கள் அடிக்கடி சுட்டுவது. சமைத்த இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன, பச்சை இறைச்சி தின்றவை செழித்தன என்று அவர் பதிவு செய்தார். பூனைக்கு டோரின் இன்றியமையாதது என்பதே அன்று எவருக்கும் தெரியாது. சமைக்கும்போது, குறிப்பாக நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடும்போது, டோரின் கரைந்து போகிறது. அவர் கண்ட நலிவுக்கு இதுவே முக்கிய காரணமாக இருக்கலாம் என்று இன்று கருதப்படுகிறது.

பச்சை உணவிலும் அதே குறை நேரலாம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு பரிசோதனை நடந்தது. பூனைகளில் ஒரு பிரிவுக்கு எலும்பு, உள்ளுறுப்புகளோடு அரைத்த முழு முயல் பச்சையாகத் தரப்பட்டது. உரோமம் பளபளத்தது, மலம் சீரானது. பார்த்தோர் அனைவருக்கும் மகிழ்ச்சி. பத்து மாதங்கள் கழித்து அவற்றில் ஒரு பூனை திடீரென இறந்தது. காரணம் டோரின் குறைபாட்டால் ஏற்பட்ட இதயநோய். எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவற்றின் இதயத் தசையில் மாற்றங்கள் காணப்பட்டன. பளபளக்கும் உரோமத்தை நம்பி ஒரு பூனையின் நலனைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். எலிக்கு முயல்கூட ஈடாகவில்லை எனில், இறைச்சிக் கடையில் வாங்கிய கோழி நெஞ்சுத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கும் மேல் உள்ளது. அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவிடும். சிறிய குதிப்பிலும் கால் முறியும். மாறாக, ஈரலை அளவின்றி இட்டால் வைட்டமின் ஏ மிகுந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். ஹெர்ரிங், கெண்டை போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள நொதி தயமின் சத்தை அழித்து வலிப்பை உண்டாக்கும். அந்த நொதியைச் செயலிழக்கச் செய்வது அடுப்பின் சூடுதான்.

அடுத்தது கிருமிகளின் பிரச்சனை. இது பூனையோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், செல்லப்பிராணிகளுக்காக உறையவைத்து விற்கப்பட்ட 35 இறைச்சி உணவுகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். 19 உணவுகளில் லிஸ்டீரியாவும், 7இல் சால்மொனெல்லாவும், 28இல் பல நோயெதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை ஈ.கோலை பாக்டீரியாக்களும் இருந்தன. ரூர் பகுதித் தொழிலாளர் காலையில் ரொட்டியின் மேல் பச்சைப் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வைத்து உண்பது வழக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். ஆனால் அவர் உண்பது, அன்றே அரைத்து அன்றே விற்கும் நியதிக்கு உட்பட்ட, மனித நுகர்வுக்கான இறைச்சி. பன்றியிறைச்சியில் பூனைக்குத் தனியாகவும் ஓர் ஆபத்துண்டு. ஆஜெஸ்கி நோய் பூனையை ஓரிரு நாட்களில் கொல்லக்கூடியது. ஜெர்மனியின் பண்ணைப் பன்றிகள் 2003 முதல் அந்நோயற்றவை என அங்கீகரிக்கப்பட்டவை. காட்டுப்பன்றிகளில் கிருமி இன்னமும் உள்ளது.

பறவைக் காய்ச்சல் இந்த விவாதத்தை மேலும் தீவிரமாக்கியுள்ளது. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் ரூகன் தீவில் இறந்து கிடந்த ஒரு பூனையில் எச்5என்1 வைரஸ் காணப்பட்டது. 2023இல் போலந்தில் 29 பூனை மாதிரிகளில் அதே வைரஸ் உறுதியானது. அவற்றுள் சில வீட்டை விட்டு வெளியே செல்லாதவை. பச்சைக் கோழியிறைச்சி மீது சந்தேகம் எழுந்தாலும் மூலம் உறுதியாகவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அந்த ஐயத்துக்கு இடமிருக்கவில்லை: இறந்த பூனையிலும் அது தின்ற உறைந்த வான்கோழி உணவிலும் இருந்த வைரஸ்களின் மரபணுக்கள் ஒத்துப்போயின. உறையவைப்பது வைரஸை அழிப்பதில்லை, பாதுகாக்கவே செய்கிறது.

டொக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியைப் பொறுத்தவரை உறைநிலை ஓரளவு உதவும். பச்சை இறைச்சி வழியாக முதன்முறை தொற்றுக்குள்ளாகும் பூனை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை தன் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றக்கூடும். அவை பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒருநாளாவது ஆகும். ஆகவே மலத்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும்; வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவ்வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியோர், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் ஆகியோர் இருக்கும் வீட்டில் பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இதன் மறுகோடியில் சைவ வீடுகள் உள்ளன. அருகிலுள்ள ஹம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாக் காலத்தில் மச்சம் புழங்காத குடும்பங்கள் பல. அங்கு பூனைக்குப் பாலும் தயிர்ச்சோறும் வைக்கப்படுவதுண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. சோறு அதற்குப் போதிய உணவுமல்ல. ஜெர்மன் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் இனத்துக்கும் தேவைக்கும் ஏற்ப உணவளிக்க வேண்டும் என்கிறது. வளர்ப்பவரின் நோன்பு அதற்கு விதிவிலக்கல்ல.

வீட்டிலேயே தயாரிக்க விரும்புவோர் இறைச்சியை வேகவைத்து, வெந்த நீரையும் சேர்த்து, டோரின், கால்சியம் முதலியவற்றை நிறுத்துக் கலக்க வேண்டும். பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவுகளை மியூனிக் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பிரிவின் உணவியல் துறை போன்ற இடங்களில் கட்டணத்துக்குக் கணக்கிட்டுப் பெறலாம். கடையில் வாங்குவோர் புட்டியின் மேலுள்ள ஒரு சொல்லைத் தேடினால் போதும். 'அல்லைன்ஃபுட்டர்மிட்டல்' என்றிருந்தால் அது தனித்தே முழு உணவு. 'எர்கென்ட்சுங்ஸ்ஃபுட்டர்மிட்டல்' என்றிருந்தால் அது துணை உணவு மட்டுமே. நூறு வீதம் தூய இறைச்சி என்று பெரிய எழுத்தில் அறிவிக்கும் விலையுயர்ந்த புட்டிகள் பலவற்றின் பின்புறத்தில், சிறிய எழுத்தில் இருப்பது இந்த இரண்டாவது சொல்தான்.